ஐந்து வெற்றியும் ஐந்து சொல்லும்

பிள்ளை வெல்லவேண்டும் என்று மெழுகுதிரி கொளுத்துகிற தாய்மார் ஸ்காபரோவில் எத்தனையோ பேர். பிள்ளை தோற்கவேண்டும் என்று கொளுத்தியவள் வேரோனிக்கா ஒருத்தியாகத்தான் இருப்பாள். நவம்பர் கடைசிச் சனிக்கிழமை, மகன் றொய்சனின் அணி பருவத்தின் பன்னிரண்டாவது ஆட்டத்துக்கு இறங்க இரண்டு மணித்தியாலம் இருக்கும்போது, அவள் கோவிலில் மாதா சுரூபத்துக்கு முன்னால் போய் நின்று, "மாதாவே, இண்டைக்கு அவங்களைத் தோக்கப் பண்ணும்" என்று வாய்விட்டே கேட்டாள். பக்கத்தில் முழந்தாளில் நின்ற றெஜினா அன்ரிக்குக் காது கொஞ்சம் மந்தம். நல்ல காலம்.

வேரோனிக்கா யாழ்ப்பாணத்து நாரந்தனைக்காரி. இருபத்திரண்டு வயதில் கனடாவுக்கு வந்தாள். முதலில் டோர்செட் பார்க்கில் பதினோராம் மாடி, பிறகு மில்லிக்கனில் வீடு. விமானங்களுக்குச் சாப்பாடு பொதி செய்கிற தொழிற்சாலையில் பத்தொன்பது வருடமாக வேலை. கணவன் வின்சன்ற் ட்ரக் ஓட்டுகிறவன். மாதத்தில் பாதி நாள் வின்னிபெக் பக்கம் நிற்பான். ஞாயிற்றுக்கிழமைகளில் தமிழ்ப் பூசைக்கு முன்னர் அவள் மறைக்கல்வி ரீச்சர். விசுவாசப் பிரமாணத்தை ஒரு சொல் பிசகாமல் ஒப்புவிக்காத பிள்ளை அவளுடைய வகுப்பிலிருந்து முதல் நன்மைக்குப் போனதில்லை. வாய்ப்பாடு, ஸ்பெல்லிங், செபம், கார் ஓட்டும் பரீட்சைக் கேள்விகள், எல்லாவற்றுக்கும் அவளிடம் ஒரே வைத்தியம்தான்: பாடமாக்கு. றொய்சனும் அப்படித்தான் பாடமாக்கிப் பாடமாக்கி வளர்ந்தான்.

வளர்ந்தவன் ஆறடி இரண்டங்குலம் வளர்ந்துவிட்டான். அதைப் பார்த்த பள்ளிக்கூடப் பயிற்சியாளர் ஒருவர் அவனை அமெரிக்க ஃபுட்போலுக்குள் இழுத்துவிட, அவன் ஒகாயோவில் ஒரு கல்லூரிக்குப் போய்ச் சேர்ந்தான். "மகன் கன கோல் அடிக்கிறவரோ?" என்று கோவிலடியில் கேட்பார்கள். அவன் கோல் அடிக்கிறவன் அல்ல. குனிந்து நின்று, தன் கால்களுக்கிடையால் பந்தைப் பின்னால் நிற்பவனுக்கு எறிகிறவன். எறிந்த கையோடு எழும்பி, எதிரே வருகிறவர்களை நோக்கித் தலைதெறிக்க ஓடவேண்டும். இதற்குத்தான் நாலு வருடம். முதல் மூன்று வருடமும் மற்றவர்கள் விளையாட இவன் மைதான ஓரத்து வாங்கில் இருந்தான். இந்த வருடம்தான் இடம் கிடைத்தது.

ஒக்டோபரில் ஒரு சனிக்கிழமை பின்னேரம் வேரோனிக்கா தொலைக்காட்சியில் பார்த்துக்கொண்டிருந்தாள். றொய்சன் பந்தை எறிந்துவிட்டு ஓடினான். எதிரணிக்காரன் ஒருவனுடைய தலைக்கவசமும் இவனுடைய தலைக்கவசமும் மோதின. விழுந்தவன் எழும்பினான். எழும்பி, தன் அணியின் பக்கம் போகாமல் எதிரணியின் வாங்கை நோக்கி நடந்தான். ஏழெட்டு அடி நடந்த பிறகு அவர்களில் ஒருவன் இவனைத் தோளில் பிடித்துத் திருப்பிவிட்டான். வர்ணனை செய்தவர்கள் சிரித்தார்கள். ஆட்டம் முடிந்த கையோடு வேரோனிக்கா மகனுக்குத் தொலைபேசி எடுத்தாள்.

"தண்ணி குடிச்சது காணாமல் போச்சு அம்மா, வேறொண்டும் இல்லை" என்றான். அடுத்த கிழமையும் விளையாடினான். அதற்கடுத்த கிழமையும் விளையாடினான். நவம்பரில் ஒருநாள் அவள் விடாமல் துருவ, வெளிச்சத்தைப் பார்த்தால் தலை பிளக்கிறது என்று ஒத்துக்கொண்டான். "ஒருத்தருக்கும் சொல்லாதேங்கோ. மாதா மேல சத்தியம் பண்ணுங்கோ" என்று கெஞ்சினான். இவள் பண்ணிக்கொடுத்தாள். பிள்ளை கெஞ்சினால் உருகிவிடுகிற சாதி. அன்றைக்கே கல்லூரிக்குத் தொலைபேசி எடுத்து உண்மையைச் சொல்லியிருக்க வேண்டும். எடுக்கவில்லை. அதற்குப் பதிலாக, எப்போது இந்தப் பருவம் முடியும் என்று கணக்குப் பார்க்கத் தொடங்கினாள்.

அந்தக் கணக்கு இலேசானதல்ல. பெரிய கிண்ணத்துக்குப் போட்டியிடுவது பன்னிரண்டு அணிகள். அந்தப் பன்னிரண்டையும் மைதானம் மட்டும் தீர்மானிப்பதில்லை. ரெக்சாசில் ஒரு ஹோட்டலில் ஒரு குழு கதவைச் சாத்திக்கொண்டு கூடியிருந்து, நவம்பரிலிருந்து கிழமைக்குக் கிழமை தரவரிசை போட்டு, டிசம்பர் தொடக்கத்தில் ஒரு ஞாயிறு கடைசிப் பட்டியலை வாசிக்கும். தங்கள் தங்கள் பிரிவில் முதலாவதாக வந்தவர்களில் உச்சியில் நிற்கிற ஐந்து அணிகளுக்கு இடம் நிச்சயம். மிச்ச ஏழு இடமும் குழு பார்த்துக் கொடுப்பது. அதற்குள் வராத அணிகளுக்குத்தான் 'போல்' ஆட்டங்கள். பந்தைச் சொல்கிறார்களாக்கும் என்றே வேரோனிக்கா முதலில் நினைத்திருந்தாள். "பந்தில்லை அம்மா, கோப்பை. மைதானம் கோப்பை மாதிரிக் குழிஞ்சிருக்கிறதால வந்த பேர்" என்றான் மகன். நாடு முழுவதும் நாற்பது அளவில் கோப்பைகள். அதில் ஒன்றுக்குப் போக ஆறு வெற்றி வேண்டும். றொய்சனின் அணி பதினொரு ஆட்டத்தில் ஐந்தை வென்றிருந்தது. பன்னிரண்டாவதை வென்றால் இன்னும் ஒரு ஆட்டம். தோற்றால் பருவம் அத்தோடு முடிந்தது.

தோற்றார்கள். மாதா கைவிடவில்லை என்று வேரோனிக்கா அழுதாள். வின்னிபெக்கிலிருந்து வின்சன்ற் எடுத்து, "சீ, மூண்டு பொயின்றால விட்டிட்டாங்கள்" என்று அரற்றினான். அவனுக்கு ஒன்றும் தெரியாது. "ஓமப்பா, கவலைதான்" என்று சொல்லிவிட்டு அவள் சந்தோசமாக நண்டு வாங்கப் போனாள்.

மறுநாள் வீட்டுக்கு வந்த பிள்ளையைப் பார்த்ததும் அந்தச் சந்தோசம் அரைவாசியாகிவிட்டது. பகலிலும் யன்னல் திரையை இழுத்து மூடிக்கொண்டான். குசினி லைற்றுக்குத் தொப்பியை மூக்குவரை இறக்கினான். கைத்தொலைபேசியை அரை நிமிடம் பார்த்தால் கண்ணைப் பொத்தினான். நண்டுக் குழம்பை ஆசையாகத் தின்றுவிட்டு, போய் ஓங்காளித்தான். இனி ஓய்வுதானே, மெல்ல மெல்ல மாறிவிடும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு அவள் ஒரு கிழமையை ஓட்டினாள். வைத்தியரிடம் போவோம் என்றபோது, "பிறகு, பிறகு" என்றான்.

அந்தக் கடைசிப் பட்டியல் வாசிக்கிற ஞாயிறு வந்தது. தாயும் மகனும் பூசை முடிந்து வந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். தொலைக்காட்சியில் பன்னிரண்டு அணிகளின் பெயரையும் அறிவித்தார்கள். றொய்சன் கண்ணை மூடியபடி கேட்டுக்கொண்டிருந்தான். ஊரார் வீட்டுக் கல்யாணத்தைப் பார்ப்பதுபோல வேரோனிக்காவும் நிம்மதியாகப் பார்த்தாள். மூன்று மணியளவில் றொய்சனின் தொலைபேசி அடித்தது. கேட்டுக்கொண்டே எழும்பியவன், கதிரையைப் பிடித்துத்தான் நேரே நின்றான்.

"அம்மா! எங்களுக்குப் போல் கிடைச்சிட்டுது!"

"ஆறு வெண்டால்தானே எண்டு சொன்னனீ? நீங்கள் அஞ்சுதானே?"

"ஆறு வெண்ட ரீம் காணாதாம் அம்மா. சில ரீம் வரமாட்டம் எண்டிட்டினமாம். அப்ப அஞ்சு வெண்ட ஆக்களைக் கூப்பிடுகினம்."

"அஞ்சு வெண்டவை எத்தினை பேர் இருப்பினம்! ஏன் உங்களை?"

"படிப்பு! எங்கட ரீம் படிப்பில ரொப்பில நிக்குது. அந்த ஓடரிலதான் கூப்பிடுவினம். யூ ஷுட் பீ ஹப்பி, அம்மா!"

உண்மைதான். இடம் மிஞ்சினால், வீரர்கள் படிப்பை விடாமல், பரீட்சையில் தவறாமல் இருந்தார்களா என்று நாலு வருடமாகப் பார்த்துப் போடுகிற புள்ளிதான் வரிசையைத் தீர்மானிக்கும். அந்தப் புள்ளியைப் பற்றி வேரோனிக்கா கோவிலடியில் எவ்வளவு பீற்றியிருப்பாள்! "உவன் விளையாடிற ரீம் சும்மா முரட்டு ரீம் இல்லை, முழுக்கப் படிச்ச பிள்ளையள்" என்று. புள்ளிவிபரவியலில் தத்தளித்த இரண்டு தடியன்களை றொய்சனே இருத்திப் பாடமாக்கவைத்துத் தேற்றியவன். தாயிடம் கற்ற வித்தை. அவள் எதை அவனுக்குக் காவல் என்று நம்பிக் கொடுத்தாளோ, அதுவே அவனை மைதானத்துக்குக் கூப்பிட்டது.

"போகாதை ராசா" என்றாள்.

"ஜஸ்ற் ஒன் கேம், அம்மா. இருபத்தேழாந் திகதி. நாலு வருசத்தில முதல் போல். இனி எனக்கு ஒண்டும் இல்லை, உதுதான் கடைசி."

"கோச்சுக்கு உண்மையைச் சொல்லு."

"சொன்னால் விடமாட்டினம்."

"அதுக்குத்தானே சொல்லச் சொல்லுறன்!"

அவன் கோபிக்கவில்லை. அவளுக்குப் பக்கத்தில் வந்து இருந்து, இன்னும் பெரிய குண்டைத் தூக்கிப் போட்டான். கடைசி ஆட்டத்தில் அவன் தள்ளாடியதை யாரோ கண்டுவிட்டார்களாம். புதன்கிழமை அணியின் சிகிச்சையாளர் தலையைச் சோதிப்பாராம். ஐந்து சொல் வாசிப்பார், திருப்பிச் சொல்லவேண்டும். கொஞ்ச நேரம் வேறு கதை கதைத்துவிட்டு, அந்த ஐந்தையும் மறுபடி கேட்பார். இந்த வருடம் முழுக்க ஒரே ஐந்து சொல்தான் வருகிறதாம். முன்னர் அந்தச் சோதனைக்குப் போய் வந்த பொடியன் ஒருவன் அதை எழுதி அனுப்பியிருக்கிறான்.

"என்னால போனைப் பாக்க ஏலாது. நீங்கள் வாசியுங்கோ அம்மா. பாடமாக்குவம்."

மறுத்தால் வேறு யாரிடமாவது கேட்பான் என்று நினைத்து அவள் தொலைபேசியை வாங்கினாள். ஸ்பூன், மிரர், அப்பிள், ஹமர், விண்டோ. இதென்ன, நாலாம் வகுப்புப் பிள்ளைக்கும் ஒரு தரம் போதும். றொய்சன் மூன்று சொன்னான். இரண்டாம் தரமும் மூன்று. ஏழு வயதில் நீள நீளச் செபங்களைக் கடகடவென்று சொன்ன வாய், 'மிரர்' என்ற சொல்லுக்காகக் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தது. ஒன்பதாம் தரம் ஐந்தும் வந்துவிட்டது. அவன் முகம் மலர்ந்தது. இவன் பாஸ் பண்ணிவிடுவான் என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது.

"இன்னும் ஒருக்கா" என்றாள். ஸ்பூன், மிரர், லெமன், ஹமர், கேற்.

அப்பிளும் விண்டோவும் போய்விட்டதை அவன் கவனிப்பான், கவனித்துக் கத்துவான் என்று எதிர்பார்த்திருந்தாள். அவன் கவனிக்கவில்லை. "ஸ்பூன், மிரர்... லெமன்..." என்று பக்குவமாகச் சொல்லத் தொடங்கினான். வேரோனிக்காவுக்கு ஓவென்று கத்தவேண்டும் போலிருந்தது. ஆனாலும் நிறுத்தவில்லை. அன்று பின்னேரமும் திங்கட்கிழமை முழுவதும் அந்தப் பிழையான ஐந்தையே அவன் தலைக்குள் ஏற்றினாள். அங்கே அந்த மனிதர் ஒன்று வாசிக்க இவன் இன்னொன்றைச் சொல்வான், பிடிபடுவான், நிறுத்திவிடுவார்கள். சத்தியத்தையும் மீறியதாகாது, பிள்ளையும் தப்பினான். வாயைத் திறந்து உண்மையைச் சொல்லப் பயந்தவள் சொல்லை மாற்றிவைத்துத் தப்பப் பார்த்தாள். கெட்டிக்காரத்தனம் என்று அப்போது நினைத்தாள்.

செவ்வாய் காலை பஸ் ஏற்றிவிட்டாள். பஸ் நிலையத்தின் வெளிச்சம் தாங்காமல் அவன் கண்ணை மூடிக்கொண்டு அவள் தோளைப் பிடித்தபடிதான் நடந்தான்.

புதன்கிழமை, தொழிற்சாலையில் மதிய இடைவேளை. சாப்பாட்டறையில் வேரோனிக்கா பெட்டியைத் திறக்காமல் தொலைபேசியைப் பார்த்தபடி இருந்தாள். ஒன்றரைக்கு அடித்தது.

"அம்மா, பாஸ்! அஞ்சுக்கு அஞ்சு!"

அவளுக்கு விளங்கவில்லை. "என்னெண்டு? என்னென்ன சொல்லுச் சொன்னனீ?"

"நீங்கள் சொல்லித் தந்ததுதான். ஸ்பூன், மிரர், லெமன், ஹமர், கேற். இரண்டாந் தரமும் அப்பிடியே சொன்னன். உங்கட ரீமுக்கு உதெல்லாம் என்னத்துக்கு, நீங்கள் படிப்பில புலியள் எல்லோ எண்டு சிரிச்சுப்போட்டு, பேப்பரைப் பாக்காமலே கையெழுத்து வைச்சவர்."

சாப்பாட்டறையில் யாரோ மைக்ரோவேவைத் திறந்து மூடினார்கள். வேரோனிக்கா எழும்பிச் சுவரோரம் போய் நின்றாள்.

"றொய்சன், நான் சொல்லுறதைக் கேள். நான் உனக்குப் பிழையாச் சொல்லித் தந்தனான். வேணுமெண்டுதான் செய்தனான். பேப்பரில லெமனும் இல்லை, கேற்றும் இல்லை. அந்தாள் வாசிக்கேக்க, உது வேற சொல்லு எண்டு உனக்குத் தெரியேல்லையோ?"

மறுபக்கத்தில் அவனுக்குப் பின்னால் பொடியன்கள் கத்துவதும் பாட்டும் கேட்டது. பிறகு அவன் மெதுவாக, அவள்தான் அறிந்திருக்கவேண்டும் என்பதுபோலக் கேட்டான்.

"அவர் வாசிச்சவரோ, அம்மா?"

அவள் பதில் சொல்ல முதல் யாரோ அவனைக் கூப்பிட்டார்கள். "பிளைற் இருபதாந் திகதியாம். பிறகு எடுக்கிறன்" என்று வைத்துவிட்டான்.

வேரோனிக்கா சத்தியத்தையும் நினைக்கவில்லை, மகன் இனித் தன்னோடு பேசமாட்டான் என்பதையும் நினைக்கவில்லை. கல்லூரியின் இணையப் பக்கத்தில் விளையாட்டுப் பிரிவின் நம்பரைத் தேடி எடுத்தாள். அணியை வாழ்த்தி, டிக்கெற் வேண்டுவோர் ஒன்றை அழுத்தவும் என்றது பதிவுக் குரல். அவள் பூச்சியத்தை அழுத்தினாள். ஒரு இளம் பெண் குதூகலமாக எடுத்தாள்.

அணியின் ஐம்பத்தெட்டாம் இலக்க வீரன் என் மகன் என்றாள் வேரோனிக்கா ஆங்கிலத்தில். இன்று காலை நடந்த தலைப் பரிசோதனை பற்றிப் பேசவேண்டும் என்றாள். அந்தப் பெண் எதையோ தட்டிப் பார்த்தாள். கவலைப்பட ஒன்றுமில்லை, உங்கள் மகன் பாஸ், விளையாடலாம் என்றுதான் பதிந்திருக்கிறது, நீங்கள் பெருமைப்படவேண்டும் என்றாள்.

"இல்லை" என்றாள் வேரோனிக்கா. அவள் குரல் உயர்ந்தது. சாப்பாட்டறையில் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். ஆங்கிலம் எங்கே போனதென்று தெரியவில்லை.

"இல்லைப் பிள்ளை. அவன் பெயில். என்ரை பிள்ளை பெயில் எண்டு போடுங்கோ."