மூன்றாம் மாடி அக்கா

அந்த அலுவலகத்தின் மூன்றாம் மாடியைத் துடைக்கும் அக்கா, பதினொரு வருடமாக ஏசியிலிருந்து சொட்டும் தண்ணீரைத்தான் வாளியில் பிடித்துப் பயன்படுத்திவந்தார். சுற்றுச்சூழல் தினத்தன்று மேலாளர் அவரை மேடைக்கு அழைத்துப் பாராட்டினார்.

"இந்த யோசனை எப்படிம்மா வந்தது?"

"குழாய் தரைத்தளத்துல இருக்கு சார். வாளியைத் தூக்கிட்டு மூணு மாடி ஏறினா முதுகு ஒடிஞ்சுபோகுது."

எல்லோரும் சிரித்தார்கள். அவர் உள்ளதைத்தான் சொன்னார்.

கைதட்டலில் உச்சி குளிர்ந்த மேலாளர், மின்சாரத்தையும் மிச்சம் பிடிக்க மறுநாளிலிருந்து ஏசியே போட வேண்டாம் என்று உத்தரவு போட்டார். வாளி காய்ந்தது. இரண்டு நாள் தண்ணீர் சுமந்து பார்த்துவிட்டு, அக்கா நேரே அவர் அறைக்குப் போனார்.

"கரண்டை மிச்சம் பண்ணுங்க சார், வேணாங்கல. என் முதுகையும் கொஞ்சம் மிச்சம் வையுங்க."

அந்த வாரமே மூன்றாம் மாடிக்குக் குழாய் வந்தது.