மதினி வீட்டு முடுக்கு

இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருப்பவர்களில் பாதிப் பேர் எங்கள் அண்ணனை ஒரு தடவையாவது சந்தேகப்பட்டவர்கள். கோபித்துக்கொள்ள வேண்டாம். நானும் அந்தப் பாதியைச் சேர்ந்தவள்தான். அண்ணன் காலமாகி ஓராண்டு நிறையும் இந்த நாளில், தங்கை என்ற முறையில் என்னை எழுதச் சொன்னார்கள். புகழ்ச்சியாக நாலு வரி எழுதிவிட்டுப் போக எனக்குத் தெரியாது. நடந்ததை எழுதுகிறேன்.

அண்ணன் பிறந்தது இராஜாக்கமங்கலத்தில். அப்பா சீக்கிரமே போய்விட்டார்கள். அம்மா எங்கள் இருவரையும் கூட்டிக்கொண்டு தாய்மாமன் நிழலில் இந்த டவுனுக்கு வந்தார்கள். மாமன் வீட்டுச் சோறு எப்படி இருக்கும் என்று அனுபவித்தவர்களுக்குத் தெரியும். அண்ணன் அதைப் பற்றி ஒரு நாளும் வாய் திறந்ததில்லை. பள்ளிப்படிப்பு முடிந்ததும் திருவனந்தபுரத்துக்குப் போய், அங்கே தெருவுக்கடியில் கழிவுக் குழாய் பதிக்கும் வேலையில் சேர்ந்து, தொழிலைக் கற்றுக்கொண்டார்கள்.

நாடு விடுதலை அடைந்த மறுவருஷம், நம் தெருவுக்கு மட்டும் பரீட்சார்த்தமாக ஒரு குழாய் போடுவதென்று முனிசிப்பாலிட்டி முடிவு செய்தது. மேற்பார்வைக்குத் திருவனந்தபுரத்திலிருந்து அண்ணனை அனுப்பினார்கள். சொந்த ஊர்க்காரன் சொன்னால் கேட்பார்கள் என்று யாரோ கணக்குப் போட்டிருக்கிறார்கள். நம் ஊரை அறியாதவர்கள் போட்ட கணக்கு அது.

அப்போது நம் தெருவில் வசதியுள்ள வீடுகளில் எல்லாம் செப்டிக் டேங்க் கட்டியிருந்தார்கள். டேங்க் ஒரு மூலையில், கிணறு மறு மூலையில். மேட்டு வீட்டு டேங்க் கசிந்தால் அது பள்ளத்து வீட்டுக் கிணற்றுக்குத்தான் வரும். தெருவின் அடிக்கோடியில் இருந்தது என் வீடு. மழைக்காலத்தில் எங்கள் கிணற்றுத் தண்ணீரை மூக்கைப் பிடிக்காமல் குடிக்க முடியாது. என் மூத்த பிள்ளை வயிற்றுக்கடுப்பு கண்டு, பிழைத்ததே மறுபிறவி. அதைப் பார்த்த பிறகுதான் அண்ணன் இந்த வேலையில் இவ்வளவு பிடிவாதமானார்கள் என்று நான் நினைக்கிறேன்.

கையில் குடையோடு அண்ணன் வீடு வீடாக ஏறி இறங்கினார்கள். டேங்கை மணல் போட்டு மூடுங்கள், கக்கூஸ் தண்ணீரைக் குழாயில் விடுங்கள் என்பதுதான் கோரிக்கை. அதற்கு வந்த சந்தேகங்களைக் கேட்டிருக்க வேண்டும். குழாய் போன இடமெல்லாம் நாளைக்கு சர்க்காருக்குச் சொந்தம் என்றார் ஒருவர். கண்டவன் வீட்டுத் தண்ணீரும் நம் வீட்டுத் தண்ணீரும் ஒரே குழாயிலா என்று முகம் சுளித்தார் இன்னொருவர். “திருவனந்தபுரத்துக்காரனுக்க குழாயாக்கும். நாளைக்கு நம்ம தாலுக்கா மெட்ராஸோட சேந்தா, இது அடச்சா எவன் வந்து குத்தி விடுவான்?” என்று கேட்டார்கள் கடைத்தெருவில். எல்லை மாறப் போகும் இந்த வேளையிலும் அந்தக் கேள்விக்கு எனக்குப் பதில் தெரியாது.

டேங்கை மூடச் சம்மதித்தவர்களும் உள்ளே மணல் போடவில்லை. எதற்கும் இருக்கட்டும் என்று மேலே கல்லைப் போட்டு, அதன்மேல் துவைகல்லை வைத்துவிட்டார்கள். அண்ணன் புறவாசலில் நின்று பேசிக்கொண்டே குடைக்கம்பால் தரையைத் தட்டுவார்கள். டொங்கென்று கேட்கும். “உள்ள ஆளு இருக்கு போலயே” என்று சிரித்துவிட்டு வந்துவிடுவார்கள். ஒருவரையும் அவமானப்படுத்தியதில்லை. மறுநாள் திரும்பப் போவார்கள், அவ்வளவுதான்.

பின்கட்டு வழியாக வரும் குழாய் பெரிய ரோட்டை எட்ட வேண்டுமானால், வரிசையில் ஏதாவது ஒரு வீட்டு முடுக்கு வழியாக, அதாவது வீட்டுக்குப் பக்கவாட்டில் உள்ள சந்து வழியாகத்தான் போக வேண்டும். மதினியின் அப்பா அப்போது எங்களுக்கு உறவில்லை, ஜவுளிக்கடைக்காரர். அவர்கள் வீட்டிலும் அண்ணன் எல்லா வீட்டிலும் சொன்னதையே சொல்லிக்கொண்டிருந்தபோது, கதவுக்குப் பின்னாலிருந்து ஒரு குரல் வந்ததாம்.

“அடுத்த வீட்டு அழுக்கு திரும்பி எங்க வீட்டுக்குள்ள ஏறி வராதுன்னு என்ன நிச்சயம்?”

ஊரில் ஒருவரும் கேட்காத கேள்வி. அண்ணன் வீட்டுக்கு வந்து, இப்படி ஒரு பிள்ளை கேட்டது என்று அம்மாவிடம் சொன்னார்கள். பதில் சொல்ல மறுபடி போனார்கள். அதற்குப் பிறகும் போனார்கள். பிறகு ஒரு நாள், குழாய் அந்த வீட்டு முடுக்கு வழியாகத்தான் போயாக வேண்டும், வேறு வழியே இல்லை என்று அறிவித்தார்கள். மதினியின் அப்பா முடியாது என்றார்கள். “தெருவுக்க நாத்தம் எனக்க முடுக்கு வழியா போணுமோ? எனக்க சவத்துக்கு மேல வெட்டிக்கோ” என்று கத்தியது என் வீடு வரை கேட்டது.

அந்த வாரமே அண்ணன் அம்மாவிடம், அதே வீட்டில் பெண் கேட்கச் சொன்னார்கள்.

எனக்கு அப்போதே பொறி தட்டியது. பெண் பார்க்கப் போன அன்று அது உறுதியாகிவிட்டது. எல்லோரும் உட்கார்ந்து பஜ்ஜி தின்றுகொண்டிருக்கையில், அண்ணன் ஒரு குடம் தண்ணீர் கேட்டு வாங்கி, நேரே முடுக்குக்குப் போய்க் கவிழ்த்தார்கள். எந்தப் பக்கம் ஓடுகிறது என்று குனிந்து பார்த்தார்கள். பெண் காப்பித் தட்டோடு நிலைப்படியில் நிற்கிறாள், மாப்பிள்ளை ஈரத் தரையைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். அம்மாவுக்கு வெட்கத்தில் முகம் கறுத்துவிட்டது.

கல்யாணம் நடந்தது. மறுவீட்டு விருந்தில் புது மாப்பிள்ளை முறுக்கிக்கொண்டு இலையில் உட்காராமல் நிற்பதும், மாமனார் என்ன வேண்டும் என்று கேட்டுக் கொடுத்துச் சமாதானப்படுத்துவதும் நம் பக்கத்து வழக்கம். மோதிரமோ சைக்கிளோ கேட்பார் என்று எதிர்பார்த்தார்கள். அண்ணன் கேட்டது முடுக்கு. இலை போட்டாயிற்று, சொந்தக்காரர்கள் கூடி நிற்கிறார்கள், மாமனாரால் என்ன செய்ய முடியும்? மூன்றாம் நாள் கடப்பாரை வந்து இறங்கியது. அடுத்த மழைக்குள் நம் தெரு வீடுகள் ஒவ்வொன்றாகக் குழாயில் சேர்ந்தன. இன்று என் கிணற்றுத் தண்ணீரை யாரும் மூக்கைப் பிடிக்காமல் குடிக்கலாம்.

தெரு பிழைத்தது. மதினியின் மனசில் மட்டும் அன்றைக்கு விழுந்த முள் எடுபடவில்லை. “ஒங்க அண்ணன் கெட்டினது என்னையில்ல, எனக்க அப்பனுக்க முடுக்க” என்று என்னிடம் எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறார்கள். நான் மறுத்துப் பேசியதில்லை. எனக்கும் அதே சந்தேகம் இருக்கும்போது எப்படி மறுப்பது? அண்ணன் அவர்களை அருமையாகத்தான் வைத்திருந்தார்கள். ஒரு கடுஞ்சொல் கிடையாது. அதுவும் குற்ற உணர்ச்சியில் செய்வதோ என்று மதினி நினைத்தார்கள். அவர்கள் சுபாவம் அப்படி, என் சுபாவமும் அப்படி.

போன வருஷம் அண்ணனுக்கு மஞ்சள்காமாலை கண்டது. ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்குக் கொண்டுவந்த பிறகு, ஒரு மத்தியானம் நான் பக்கத்தில் இருக்கும்போதே மதினி கேட்டுவிட்டார்கள்.

“இனியாவது நெசத்தச் சொல்லுங்கோ. என்னைய எதுக்காகக் கெட்டுனிய?”

அண்ணன் கண்ணைத் திறந்து, “முடுக்குக்காகத்தான்” என்று சொல்லிச் சிரித்தார்கள். ஆயுசு முழுக்கக் கேலி பேசியே பழகியவர்களுக்குச் சாகும்போதும் அது போகவில்லை. மதினி சிரிக்கவில்லை. அடுக்களைக்குப் போய்விட்டார்கள். அதற்கு மறுநாள் அண்ணன் பேச்சில்லாமல் ஆனார்கள், பிறகு போயும் விட்டார்கள். அந்த ஒரு சொல்லோடு மதினி இந்த வருஷத்தைக் கழித்ததை நான் பார்த்தேன். எனக்கு அண்ணன்மேல் கோபம் வந்தது. இன்னும் கொஞ்சம் இருக்கிறது.

நோயில் உடனிருந்து பார்த்த டாக்டருக்கும் நர்ஸம்மாவுக்கும், தோள் கொடுத்த தெருக்காரர்களுக்கும், கருங்கல் ஊரிலிருந்து வண்டி பிடித்து வந்து பதினாறாம் நாள் வரை தங்கிய உறவினர்களுக்கும், அண்ணனோடு குழிக்குள் இறங்கி வேலை செய்த தொழிலாளர்களுக்கும் எங்கள் குடும்பம் கைகூப்புகிறது. கடைசியாக நன்றி சொல்ல வேண்டியது, அண்ணன் வீட்டுக்கு எதிரே, மதினியின் அப்பா வீட்டு வரிசையிலேயே இருக்கும் வாத்தியார் சாருக்கு. அதற்குக் காரணத்தையும் சொல்ல வேண்டும்.

இந்த மலர் அச்சுக்குப் போவதற்குச் சில நாள் முன்பு சார் துக்கம் கேட்க வந்தார்கள். ஒரு வருஷமாக வெளியூரில் மகள் வீட்டிலேயே தங்கியிருந்ததால் அதுவரை வர முடியவில்லை. பேச்சுவாக்கில், “மொதல்ல எனக்க வீட்டு முடுக்கிலதான் வெட்டத் தொடங்கினாரு. ஒரு பொழுது வெட்டிட்டு, பாறை கெடக்கு சார், இது வழி நடக்காதுன்னு மூடிட்டாரு. நமக்குத் தொல்லை விட்டுதேன்னு நானும் யாருகிட்டயும் மிண்டாம இருந்துட்டேன்” என்றார்கள்.

மதினி நிமிர்ந்தார்கள். “பாறையா?”

“அதாக்கும் எனக்கும் வெளங்கல. பொறவு அதே எடத்துல நான் வாழை வச்சேன். ரெண்டு ஆளு ஆழம் தோண்டினாலும் செம்மண்ணுதான்.”

“இது எப்போ? எங்க வீட்டுக்கு மொத மொத வந்ததுக்கு முந்தியா, பிந்தியா?”

“பிந்தித்தான். ஒங்க வீட்டுல ஒரு பிள்ள கேள்வி கேட்டுதுன்னு, வெட்டும்போது அதையே சொல்லிச் சொல்லிச் சிரிச்சிட்டிருந்தாரே.”

நான் மதினியைப் பார்த்தேன். அவர்கள் என்னைப் பார்த்தார்கள். “நீங்க ரெண்டு பேரும் பேசி வச்சிட்டுச் சொல்லுதியளா?” என்று கேட்டார்கள். சார் பதறிப்போய் இல்லை என்று கையை ஆட்டினார்கள். மதினி எழுந்து ஒரு குடம் தண்ணீர் கோரி, இடுப்பில் வைத்துக்கொண்டு, தெருவைக் கடந்து சார் வீட்டு முடுக்குக்குள் போனார்கள். நானும் பின்னாலேயே போனேன்.

வாழைக்குப் பக்கத்தில் குடத்தைக் கவிழ்த்தார்கள். தண்ணீர் எங்கும் தேங்கவில்லை. ஒரு வளைவுகூட இல்லாமல் நேரே பெரிய ரோட்டைப் பார்த்து ஓடியது. மதினி வீட்டு முடுக்கைவிட நல்ல சரிவு. குழாய் போடத் தெரிந்த ஒருவரும் இதை விட்டுவிட்டு அங்கே போகமாட்டார்.

மதினி வெகுநேரம் குனிந்து அதையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். “பாவி மனுசன்” என்றார்கள். முந்தானையை வாயில் பொத்திக்கொண்டு அழுதார்கள். பிறகு மூக்கைச் சிந்திவிட்டு, காலிக் குடத்தை என்னிடம் நீட்டினார்கள்.

“ஏட்டி, இன்னும் ஒரு கொடம் கோரிட்டு வா. எதுக்கும் ஒருக்கா கூட பாத்திருவோம்.”