அரக்கனைக் கொல்ல ஓர் ஆட்டுக்குட்டி

ஜெரோம் நிலக்கோட்டை போகும் தனியார் பஸ்களில் செக்கர். டிக்கெட்டை அப்புறம்தான் பார்ப்பார், முதலில் ஆளின் மூஞ்சியைப் பார்ப்பார். ஏறியதும் எவனாவது தூங்கிவிட்டால் போதும், "தம்பி, எந்திரி" என்று உலுக்கிவிடுவார். பல வருஷமாக இதே பிழைப்பு. சந்தேகம் மனுஷனுக்கு ரத்தத்திலேயே ஊறிப்போச்சு. கடைக்காரன் சிரித்தால் தராசைப் பார்ப்பார். ஃபாதர் பிரசங்கத்தைச் சீக்கிரம் முடித்தால், அப்படி எங்கே போக அவசரம் என்று யோசிப்பார்.

இப்பேர்ப்பட்ட ஆளுக்கு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் மட்டும் வேறு முகம். பேகம்பூரில் ஃபாயிஸா வேலை பார்க்கும் மருந்துக்கடையின் மாடியில் மூன்று பேர் கூடுவார்கள்: ஜெரோம், ஃபாயிஸா, ஒயரிங் வேலை பார்க்கும் பிராங்கிளின். ஆளுக்கொரு வேஷம் எடுத்து, பகடை உருட்டி, வாயாலேயே கதை வளர்க்கும் ஆட்டம். ஃபாயிஸா மந்திரக்காரி, பிராங்கிளின் வாள்வீரன். ஏரிக்கு அடியில், குகையில் கிடக்கும் அரக்கனுக்கு ஜெரோம்தான் குரல். விதியில் தகராறு வந்தால் தீர்ப்பும் அவருடையதுதான்.

அரக்கன் செத்தால் கதை முடிந்தது. கதை முடிந்தால் இந்தக் கூட்டமும் கலைந்துவிடும் என்று ஜெரோமுக்கு உள்ளூரப் பயம். கல்யாணம் ஆகாத தனிக்கட்டை; வீட்டில் சண்டை போடக்கூட ஆள் கிடையாது, பாவம். அதனால் வருஷக்கணக்காக அந்த அரக்கனைச் சாகவிடாமல் பொத்திப் பொத்தி வைத்திருந்தார்.

அன்றைக்கு ஃபாயிஸா ஒரு பை நிறைய சமோசாவோடு வந்தாள். ஜெரோமுக்குப் பொறி தட்டியது. காரியமில்லாமல் சமோசா வருமா? போதாததற்கு, அவளும் பிராங்கிளினும் படிக்கட்டில் என்னமோ குசுகுசுத்துவிட்டு, இவரைக் கண்டதும் கப்சிப்பென்று ஆகிவிட்டார்கள். ரெண்டும் கூடிப் பேசித்தான் வந்திருக்கிறதுகள் என்று முடிவு கட்டினார்.

உட்கார்ந்த வேகத்தில் ஃபாயிஸா ஆரம்பித்தாள்.

"அண்ணே, நிழல் மாத்துற மந்திரம் போடுறேன். அரக்கனோட நிழல ஒரு ஆட்டுக்குட்டிக்கு மாத்தி விட்ருவேன். அப்புறம் ஆட்டுக்கு விழுற அடியெல்லாம் அரக்கனுக்கும் விழும், விதியிலயே இருக்கு. ஆட்ட அறுத்தா அரக்கன் காலி."

"அறுத்த கையோட பிரியாணியும் போட்ரலாம்," என்றான் பிராங்கிளின்.

"ஏன்டா, அம்புட்டுப் பெரிய அரக்கன் நிழலு ஆட்டுக்குட்டிக்கு எப்பிடிறா பொருந்தும்?" என்று ஜெரோம் எகிறினார்.

"அளவு பத்தி விதியில ஒரு வார்த்தை கெடையாதுண்ணே," என்றாள் ஃபாயிஸா.

ஜெரோம் விதிப் புத்தகத்தைப் பிடுங்கிப் பார்த்தார். இல்லைதான். ஆனாலும் செக்கர் விடுவாரா? இரண்டு நிழலும் ஒரே வெளிச்சத்தில் விழுந்திருக்க வேண்டும் என்ற வரியில் விரல் போய் நின்றது.

"ஆடும் அரக்கனும் ஒரே வெளிச்சத்துல நிக்கணும்ல?"

"ஆட்டக் குகைக்கே தூக்கிட்டுப் போறோம். தீப்பந்தம் கொளுத்துறோம்."

"குகை எங்கன இருக்கு? தண்ணிக்கடியில. தண்ணிக்குள்ள பந்தம் எரியுமா? வெளிச்சம் இல்லையா, நிழலும் இல்ல. செல்லாது, போ!"

டிக்கெட் எடுக்காதவனை நடுவழியில் இறக்கிவிட்ட சந்தோஷம் அவருக்கு. மேஜையை ஓங்கி ஒரு தட்டுத் தட்டினார்.

ஃபாயிஸா சாமானியத்தில் விடுகிறவள் இல்லை; ஒரு மந்திரத்துக்காக மணிக்கணக்கில் மல்லுக்கட்டுவாள். அன்றைக்கு மறுபேச்சுப் பேசாமல் தன் பகடைகளை எடுத்துப் பைக்குள் போட்டாள். இதுவும் நடிப்போ என்று ஜெரோம் ஓரக்கண்ணால் பார்த்தார்.

"சொல்லிரும்மா," என்றான் பிராங்கிளின்.

"புதன்கெழமை மஸ்கட் போறேண்ணே. ஆஸ்பத்திரியில வேலை கெடச்சிருக்கு. இன்னைக்கு அரக்கன முடிச்சிட்டு, சந்தோஷமாச் சொல்லலாம்னு இருந்தேன். கதைய நடுவுல விட்டுட்டுப் போக மனசு வரல."

ஜெரோம் ஏதாவது பொய் தட்டுப்படாதா என்று அவள் மூஞ்சியைத் துருவிப் பார்த்தார். கண் கலங்கியிருந்தது. அத்தனையும் நிஜம்.

"போடு ஃபாயிஸா, மந்திரத்தப் போடு. செல்லும்."

"மாப்ள, இப்பத்தான செல்லாதுன்ன?" என்றான் பிராங்கிளின்.

"தப்பாச் சொல்லிட்டேன்டா!"

"இல்லண்ணே, தண்ணிக்குள்ள பந்தம் எரியாது. நீங்க சொன்னதுதான் சரி." ஃபாயிஸா துப்பட்டாவைச் சரிசெய்துகொண்டு எழுந்தாள். "வாரேண்ணே."

அவள் படியிறங்கிப் போன பிறகும் ஜெரோம் விதிப் புத்தகத்தைப் புரட்டிக்கொண்டே இருந்தார், தண்ணீருக்கடியில் எரிகிற தீ ஒன்றாவது அதில் அகப்படாதா என்று.