குறைந்த தரத்தில் இரண்டாயிரம் பாட்டு

கண்ணாடிக் கடையின் பின்னறையில் முப்பது வருடமாக லென்ஸ் தேய்த்துவந்தவருக்கு 'மிச்சம்' என்று ஒரு பட்டப்பெயர் உண்டு. இரண்டு பெட்டிச் சாமானை ஒரே பெட்டியில் திணித்து, மேலே ஏறி உட்கார்ந்து பூட்டிவிடுவார். கஞ்சன் என்று சொல்ல முடியாது. பிறருக்குச் செய்வதென்றால் தாராளமான கைதான். இடம் வீணாவதை மட்டும் அவரால் பொறுக்க முடியாது.

அவருடைய அண்ணன் ஒரு மெல்லிசைக் குழுவில் வாத்தியக்காரர். பாடகருக்கும் பின்னால், டிரம்ஸ்காரருக்கும் பின்னால் நின்று, சின்ன மணி, ஜால்ரா, கிலுகிலுப்பை என்று கைக்கு அடக்கமானவற்றை வாசிப்பார். "ஊரே ஓசியில ஜால்ரா போடுது, நான் ஒருத்தன்தான் அதுக்குக் கூலி வாங்குறேன்" என்று அவரே சொல்லிக்கொள்வார். ஒலிப்பதிவுக் கூடங்களிலும் வாசித்திருக்கிறார். எந்த சிடி உறையிலும் அவர் பெயர் இல்லை. ஆனால் எந்தப் பாட்டில் எத்தனையாவது வரியில் தன் மணி விழும் என்று அவருக்குத் தெரியும்.

அந்த அண்ணன் மாடிப்படியில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பை முறித்துக்கொண்டார். இரண்டு மாதம் படுக்கை என்றார்கள். தம்பி தீப்பெட்டி அளவில் ஒரு பாட்டு ப்ளேயர் வாங்கி, தன்னிடமிருந்த சிடி அத்தனையையும் அதில் ஏற்ற உட்கார்ந்தார். என்ன தரத்தில் ஏற்றட்டும் என்று கம்ப்யூட்டர் கேட்டது. உயர்ந்த தரத்தில் முந்நூற்றுச் சொச்சம் பாட்டு பிடிக்கும். ஆகக் குறைந்ததில் இரண்டாயிரம். சத்தம் கெட்டுப்போகும் என்று மகள் எச்சரித்தாள்.

"படுத்துக்கிட்டுக் கேக்கிறவருக்கு இது போதும்மா" என்றார் அவர்.

ப்ளேயரைக் கையில் கொடுத்தபோது அண்ணனுக்குக் கண் கலங்கிவிட்டது. தம்பி ஒரு வாரம் தரையில் கால் பாவாமல் நடந்தார்.

மூன்றாவது வாரம் அண்ணி கடைக்கே வந்துவிட்டாள். அண்ணன் சரியாகச் சாப்பிடுவதில்லையாம். குழுவின் அறையில் கிடந்த தன் வாத்தியப் பெட்டியை, தனக்குப் பதிலாக வந்திருக்கும் பெண்ணுக்கே கொடுத்துவிடும்படி சொல்லி அனுப்பிவிட்டாராம். இனி வாசிக்கப் போவதில்லையாம். டாக்டரிடம் காட்டலாம் என்றால் பேச்சையே எடுக்காதே என்கிறாராம்.

அன்று சாயங்காலமே தம்பி ஓடினார். அண்ணன் கூரையைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தார்.

"காது போச்சுடா. நீங்க பேசுறதெல்லாம் கேக்குது. என் மணிதான் கேக்கல. வயசானா உசந்த சத்தம்தான் முதல்ல போகுமாம். நான் வாசிச்ச பாட்டையே தேடித் தேடிக் கேட்டுப் பாத்துட்டேன்."

ஆறுதலாக என்னவோ சொல்லிவைத்தார் தம்பி. அண்ணன் கண்ணயர்ந்ததும் ப்ளேயரை எடுத்துக் காதில் மாட்டினார். மணியோடு தொடங்கும் பாட்டு ஒன்று அவருக்கு நன்றாகத் தெரியும். அந்த இடத்தில் எண்ணெயில் தண்ணீர் தெளித்தது போல ஒரு சொரசொரப்புதான் வந்தது. வீட்டுக்கு வந்து அதே சிடியைப் போட்டார். மணி கணீரென்று ஒலித்தது. குறைந்த தரத்தில் ஏற்றியதில் மணி மாதிரியான உச்ச ஒலிகள்தான் அடிபட்டிருந்தன.

மகளிடம் தான் சொன்ன பதில் ஞாபகம் வந்து, அவள் முகத்தைப் பார்க்கவே கூசினார்.

அப்போதாவது உண்மையைச் சொல்லியிருக்கலாம். வாய் வரவில்லை. ப்ளேயருக்குச் சார்ஜ் போட்டுத் தருவதாக வாங்கிவந்து, எல்லாவற்றையும் அழித்துவிட்டு, முந்நூறு பாட்டை உயர்ந்த தரத்தில் ஏற்றினார். கூடவே மருந்துக் கடையில் ஒரு சத்து மாத்திரையும் வாங்கிப்போய், காதுக்கு நல்லது என்று கொடுத்தார். பொய்க்கு மேல் பொய்.

நாலாம் நாள் அண்ணன் அவரைக் கூப்பிட்டனுப்பினார். பக்கத்தில் உட்காரவைத்து, கையை விடாமல் பிடித்துக்கொண்டு, "உன் மாத்திரையாலதான்டா காது திரும்பி வந்துச்சு. நீ நல்லா இருக்கணும்" என்றார்.

திட்டியிருந்தால் தாங்கியிருப்பார். வாழ்த்தைத் தாங்க முடியவில்லை. தலையைக் குனிந்தபடி தரம், இடம், இரண்டாயிரம், மாத்திரை என்று எல்லாவற்றையும் கொட்டிவிட்டார். அண்ணன் மெல்லக் கையை விலக்கிக்கொண்டார்.

"அப்ப என் காதுக்கு ஒண்ணும் ஆகலையா?"

"இல்லண்ணா."

"பெட்டியைக் குடுத்துட்டேனேடா" என்றார் அண்ணன். கோபமாகச் சொல்லவில்லை. பஸ்ஸைத் தவறவிட்டவர் தனக்குத்தானே சொல்லிக்கொள்வது போலச் சொன்னார்.

பெட்டியைத் திருப்பிக் கேட்டுவருவதாகத் தம்பி கிளம்பினார். அண்ணன் விடவில்லை. கொடுத்ததைக் கேட்பது மரியாதை இல்லை, அந்தப் பெண் நன்றாக வாசிப்பதாகவும் கேள்வி என்றார். எழுந்து நடக்கத் தொடங்கிய பிறகும் அவர் மேடைக்குப் போகவில்லை. எப்போதாவது ஒலிப்பதிவுக்கு ஆள் குறைந்தால், இரவல் மணியோடு போய் வருகிறார்.

உறவுக்காரர்கள் கூடும் இடத்திலெல்லாம் அண்ணனே இந்தக் கதையைச் சொல்கிறார். "என் தம்பி இடத்தை மிச்சம் பிடிக்கிறேன்னு என்னை ஒரு மாசம் செவிடனாக்கிட்டான்." எல்லோரும் வயிறு குலுங்கச் சிரிப்பார்கள். அண்ணி மட்டும் சிரிப்பதில்லை. தம்பியும் கூடச் சேர்ந்து சிரித்துவிட்டு, தண்ணீர் குடிக்கப் போவது போல எழுந்து உள்ளே போய்விடுகிறார்.