குண்டுத் தூசி விழுந்த பால்

அமெரிக்காவும் ரஷ்யாவும் முறைத்துக்கொண்டு நின்றது எனக்கு மாட்டின் வழியாகத்தான் தெரிய வந்தது. மலாக்காவில், காஜா பேராங்கில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் இரண்டு மாடுகள் கட்டியிருந்தோம். விடிந்ததும் கறந்து, பத்துப் பன்னிரண்டு வீடுகளுக்கு நானே வாளியைத் தூக்கிக்கொண்டு போய் ஊற்றிவிட்டு வருவேன். அப்போது மூன்றாவது பெண் கைக்குழந்தை. எனக்குப் பால் வற்றிவிட்டதால் மாட்டுப் பாலைக் காய்ச்சி ஆற்றி அவளுக்குக் கொடுத்துக்கொண்டிருந்தேன்.

மலேசியா பிறக்கப்போன வருஷம் அது. தை மாதம் ஒருநாள் காலையில் கிராணி வீட்டு வாசலில் நின்று குரல் கொடுத்தேன். ஆபீசில் எழுத்து வேலை பார்ப்பவரைக் கிராணி என்போம். அவர் மனைவி பாத்திரம் இல்லாமல் வெறுங்கையோடு வந்தாள்.

"இனிமே பாலு வேணாம்கா."

"ஏன், நேத்து தண்ணியா இருந்துச்சா?"

முந்தின நாள் தண்ணீர் கொஞ்சம் தாராளமாகத்தான் விழுந்திருந்தது. அவள் கேட்பதற்குள் நானே கேட்டுவிடலாம் என்று பார்த்தேன். அவள் வேறு கதை சொன்னாள்.

"அதில்லக்கா. எங்க வீட்டுக்காரரு இங்கிலீஷ் பேப்பர்ல படிச்சாரு. அந்த ரெண்டு பெரிய நாடும் வானத்துல அணுகுண்டு வெடிச்சுப் பாக்குதாம். அந்தத் தூசி மேகத்துல ஏறி, ஊரூராப் போயி மழையில எறங்குதாம். புல்லுல ஒட்டுமாம். மாடு தின்னா பால்ல வந்துருமாம். சின்னப் புள்ளைங்க ஒடம்புல போயி உக்காந்துச்சுனா எறங்கவே எறங்காதாம்."

"எம்மாடு புக்கிட் ரம்பாய் ரோட்டோரத்துப் புல்லத்தான் திங்குது. ரஷ்யாப் பக்கமே போனதில்லலா."

"நான் டின் பாலு வாங்கிக்கிறேன்."

"அந்த டின்னுல இருக்கிற மாடு கொடை புடிச்சுக்கிட்டா மேஞ்சுச்சு?"

அவள் கதவைச் சாத்திக்கொண்டாள். ஜெயித்துவிட்ட மாதிரி தெருக்கோடி வரைக்கும் சிரித்துக்கொண்டே போனேன். ஒரு வாரத்தில் பாதி வீடுகள் நின்றுபோயின. எல்லா வாசலிலும் ஒரே பதிலைச் சொல்லிச் சொல்லி எனக்கே அலுத்துவிட்டது.

ஊரில் யாரிடமும் சொல்லாதது ஒன்று உண்டு. கிராணி மனைவி சொன்ன அன்றிலிருந்தே என் பிள்ளைக்குப் பால் கொடுப்பதை நிறுத்திவிட்டேன். கஞ்சித் தண்ணீரில் சீனி போட்டுக் கொடுத்தேன். வாசலில் வாய் கிழியப் பேசுவேன், வீட்டுக்கு வந்தால் பால் சட்டியைப் பிள்ளைக்கு எட்டாமல் தள்ளி வைப்பேன்.

என் வீட்டுக்காரர் நகரசபைக் குழாய் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தார். திரும்பும் வழியில் கோப்பிக் கடையில் உட்கார்ந்து ரேடியோ கேட்டுவிட்டு வருவார். முன்பெல்லாம் அந்தப் பேச்சை எடுத்தாலே எழுந்து போய்விடுவேன். இப்போது நானாகக் கேட்டேன்.

"கூடிப் பேசுறாங்க. இனிமே வெடிக்க மாட்டோம்னு ரெண்டு பேரும் எழுதிக் குடுக்கணும்" என்றார்.

"குடுத்துட்டுப் போக வேண்டியதுதானே."

"எழுதிக் குடுத்துட்டுத் திருட்டுத்தனமா வெடிச்சா? அதனால நேர்ல வந்து பாப்பேங்கிறான் அமெரிக்காக்காரன். பாக்க வரேன்னு சொல்லி வேவு பாப்ப நீ, அதெல்லாம் ஆவாதுங்கிறான் ரஷ்யாக்காரன். வருஷத்துக்கு எத்தன தடவ வரலாம்னு அதுலயே நிக்குது."

இது எனக்குக் கிராணியைவிட நன்றாகப் புரிந்தது. கண் முன்னால் கறக்க வேண்டும் என்று செம்பைத் தூக்கிக்கொண்டு கொட்டகைக்கே வருகிறவர்களை நான் பார்த்திருக்கிறேன். அவர்கள் வருகிற நாளில் என் பாலைப் போல ஒரு பால் மலாக்காவிலேயே கிடைக்காது.

"அப்ப ரெண்டு பேரும் பால்காரங்கதான்னு சொல்லுங்க" என்றேன். அவருக்குச் சிரிக்கத் தெம்பில்லை. சட்டையைக் கழற்றிப் போட்டுவிட்டுக் குழந்தையைத் தூக்கினார். தூக்கிய கை அப்படியே நின்றது.

"என்னா புள்ள இது, எடையே இல்ல?" பக்கத்தில் இருந்த கிண்ணத்தை எடுத்து முகர்ந்து பார்த்தார். "பாலு எங்க?"

கிண்ணத்தை வாங்கிக் கழுவப் போனேன்.

"ஊரு புள்ளைக்கு நல்ல பாலு. ஒன் புள்ளைக்குக் கஞ்சித் தண்ணியா?"

குழந்தையை அவர் கையிலிருந்து வாங்கி இடுப்பில் வைத்துக்கொண்டேன். மறுநாளும் கஞ்சித் தண்ணீர்தான் கொடுத்தேன்.

மாசி மகம் வந்தது. செங் என்கிற ஊரில் இருக்கும் சன்னாசி மலைக்கு ரதம் புறப்படும் முன்னால் துக்காங் எமாஸ் தெருப் பிள்ளையார் கோயிலில் அபிஷேகம் நடக்கும். எங்கள் பக்கத்துச் செட்டிக் கிழவி வந்து, இருக்கிற பாலையெல்லாம் கொண்டு வா என்றாள் மலாயில்; மலாக்காச் செட்டிகள் தமிழை மறந்து தலைமுறை கடந்துவிட்டது. தூசி பயம் இல்லையா என்று கேட்டேன். சாமிதானே குடிக்கப்போகிறது, ஒன்றும் ஆகாது என்றாள்.

குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு வாளியோடு போனேன். சாமி மேல் ஊற்றிய பாலைச் சட்டியில் பிடித்து, வரிசையில் நின்றவர்களுக்கு உள்ளங்கையில் ஊற்றிக்கொண்டு வந்தார்கள். எனக்கு முன்னால் கிராணி மனைவி. ஒரு வாய் உறிஞ்சிவிட்டு, மிச்சத்தைத் தன் மகள் வாயில் விட்டாள். திரும்பினால் நான்.

"எம்மாட்டுப் பாலும்மா அது."

"சாமி மேல பட்டதுக்கா இது."

"சரிதான். குளிப்பாட்டித் தூசியெல்லாம் போயிருக்கும்."

அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். என் கையிலும் ஊற்றினார்கள். நான் வாய்க்குக் கொண்டுபோவதற்குள் குழந்தை என் கையை இரண்டு கையாலும் பிடித்து இழுத்தது. முகத்தைப் புதைத்துக் குடித்தது. பால் தீர்ந்த பிறகும் விடவில்லை, விரலிடுக்கையெல்லாம் நக்கிக்கொண்டிருந்தது. ஐயர் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு இன்னொரு தரம் ஊற்றினார்.

வீட்டுக்கு வந்ததும் கறந்து, காய்ச்சி, ஒரு தம்ளர் நிறையக் கொடுத்தேன். பயம் போகவில்லை. பயந்துகொண்டேதான் கொடுத்தேன். அதற்குப் பிறகு தினமும் அப்படித்தான்.

ஆடி ஆவணி வாக்கில் ஒரு சாயங்காலம், கொட்டகையில் வாளி கழுவிக்கொண்டிருந்தபோது வீட்டுக்காரர் வந்து சொன்னார். "கையெழுத்துப் போட்டுட்டாங்களாம். வானத்துல வெடிக்கக் கூடாது, கடல்லயும் கூடாது."

"மண்ணுக்கடியில?"

"அது வெடிச்சுக்கலாமாம்."

"வந்து பாக்குறதுக்கு ஒத்துக்கலையா?"

"இல்ல. தூரத்துலேர்ந்தே கண்டுபுடிக்க முடியிறத மட்டும் நிறுத்திருக்காங்க."

"புல்லு மண்ணுலேர்ந்துதானே மொளைக்குது" என்றேன். அவர் துண்டை எடுத்துக்கொண்டு குளிக்கப் போனார். நானும் வாளியைக் கவிழ்த்து வைத்துவிட்டு உள்ளே வந்தேன். வாடிக்கைக்காரர்கள் ஒவ்வொருவராகத் திரும்பி வந்தார்கள், கிராணி மனைவியும்தான். ஏன் நின்றோம், ஏன் வந்தோம் என்று அவர்களும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

என் மூன்றாவது பெண் இப்போது பேரன் பேத்தி எடுத்துவிட்டாள். அவளுக்குக் கால் வலித்தாலும், காய்ச்சல் வந்து இரண்டு நாள் படுத்தாலும், வயசாச்சும்மா என்பாள். நானும் ஆமாம் என்பேன். ஆனால் தெரியாமல் கொடுத்த தம்ளர்களும், தெரிந்தே கொடுத்த தம்ளர்களும் எனக்கு முன்னால் வந்து நிற்கும். அவளிடம் இதைச் சொன்னதில்லை. சொன்னாலும் சிரித்துவிடுவாள். என் பேச்சு எதையும் அவள் நிஜமென்று எடுத்துக்கொண்டதே இல்லை.