காதரை ஆற்றில் இறக்கிய வரி

தாமிரபரணியின் நீர்மட்டக் கருவிகளிலிருந்து அளவுகளை வாங்கி மக்களுக்கு இணையத்தில் காட்டும் சர்வர் நிரலை, திருநெல்வேலியில் ஒரு சிறு நிறுவனத்துக்காக சி மொழியில் திருத்தி எழுதியது நான்தான். மறுவாரமே கனமழை பிடித்தது.

கருவிகளைப் பராமரிக்கும் நண்பன் காதர், மத்தியானம் ஆற்றங்கரை ஊரான ஏரலிலிருந்து அழைத்தான். "ஏலே, எட்டடிதான்னு காட்டுது. இங்கன படித்துறையே முங்கிட்டு."

"என் நிரல் சரியாத்தான் இருக்கு. கருவியைப் பாரு."

"சரி, இறங்கிப் பாக்கேன்."

போனை வைத்த பிறகுதான் மனசு கேட்காமல் நிரலைத் திறந்தேன். ஏரலின் அளவு இருந்த கணினி நினைவக இடத்தை வேறு அளவுக்கென விடுவித்துவிட்டு, ஒரு வரியில் மறுபடி அங்கேயே படித்துக்கொண்டிருந்தேன். அந்த இடத்தில் இப்போது வேறோர் ஊரின் அளவு இருந்தது. கருவியில் குற்றமே இல்லை.

காதரை அழைத்தேன். எடுக்கவில்லை. மறுபடி மறுபடி அழைத்தேன். ஒருவழியாக, மூச்சிரைக்கப் பேசினான்.

"கருவி நல்லாத்தாம்லே இருக்கு. கால் வழுக்கிட்டு. கம்பியைப் பிடிச்சுக் கரையேறிட்டேன்."

"தப்பு என் மேலதாம்லே."

"மொதல்ல அதைச் சரி பண்ணு. சனம் அந்த நம்பரை நம்பித்தான் வீட்டுல இருக்கு."

அந்த வரியைத் திருத்த நான்கு நிமிடம்கூட ஆகவில்லை. அந்த நான்கு நிமிடத்தைச் செலவழிக்காமல் அவனை வெள்ளத்தில் இறங்கச் சொன்னேனே என்பதுதான் இன்றும் உறுத்துகிறது.