கடைசி அரை அங்குலம்

போன ஞாயிறு அரிமளம் போயிருந்தேன். பஸ்ஸில் என் மடியில் கிராமபோன் பெட்டி. பக்கத்து சீட்காரர், "ஹார்மோனியமா சார்?" என்றார். பழைய இசைத்தட்டு என்றால் எனக்குப் பைத்தியம் என்பது உங்களுக்குத்தான் தெரியுமே!

என்னைக் கூப்பிட்டவர் ஒரு ரிட்டயர்டு டீச்சர். வயது எண்பது தாண்டிவிட்டது. "எங்கம்மா பாடுன ரெக்கார்டு ஒண்ணு இருக்கு சார். கண்ணு மூடுறதுக்குள்ள ஒருக்கா கேக்கணும்..." என்றார் போனில்.

அம்மா யார் தெரியுமா? பேசும் படம் வந்த புதிதில் பாடி நடித்த செண்பகவல்லி. பன்னிரண்டு வயதில் நாடகக் கம்பெனி, பதினெட்டில் இசைத்தட்டு, அப்புறம் நான்கு படங்கள். பிறகு பின்னணி பாடும் முறை வந்தது. முகத்துக்கு ஒருத்தி, குரலுக்கு ஒருத்தி என்று பிரித்தார்கள். இரண்டும் இருந்த இவரை இரண்டுக்கும் கூப்பிடவில்லை. ஊர் திரும்பிவிட்டார்.

டீச்சர் தட்டைப் பழைய புடவைத் துணியில் சுற்றி வைத்திருந்தார். நடுவில் லேபிள் இல்லை, உரித்த தடம்தான் இருந்தது.

சாவி கொடுத்து ஊசியை வைத்தேன். கரகரப்புக்கு நடுவே ஒரு குரல் எழுந்தது பாருங்கள்... என்ன குரல்! டீச்சர் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார்.

அந்தக் காலத் தட்டுகளில் ஒரு வழக்கம் உண்டு. பாட்டு முடிந்ததும் பாடியவரே தன் பெயரைச் சொல்வார். நான் காத்திருந்தேன். 'கர்... கர்...' என்று ஊசி இழுபட்டதே தவிர, பெயர் வரவில்லை.

"தட்டு தேஞ்சிருக்கு டீச்சர்" என்றேன்.

"தேயல சார். நாந்தான் பேரு வர்ற எடத்த சேப்டி பின்ன வச்சுக் கீறுனேன்."

ஊசியைத் தூக்கிவிட்டு டீச்சரைப் பார்த்தேன்.

"மீமிசல்லேருந்து என்னைப் பொண்ணு பாக்க வந்தாங்க. பாட்டுப் பெட்டி இருக்கிற வீடுன்னு தரகரு பெருமையா சொல்லிட்டாரு. போடச் சொன்னா, வீட்ல இருந்ததோ இந்த ஒரே தட்டு. கூத்தாடி மகள்னு தெரிஞ்சா எந்திரிச்சுப் போயிருவாங்களே... லேபிள உரிச்சுட்டேன். அம்மா வாயால சொன்ன பேர எப்படி உரிக்கிறது? எனக்கு அப்ப பதினேழு வயசு சார்."

"அம்மா என்ன சொன்னாங்க?"

"வந்தவங்கள்லாம் போனப்புறம் அம்மா ஒருக்கா வச்சுக் கேட்டாங்க. என்னைத் திட்டல. 'பாட்டுல கீறல் விழாமப் பாத்துக்கிட்டியே ஆத்தா, அது போதும்'னாங்க. அதுக்கப்புறம் தட்டத் தொடவே இல்ல."

கல்யாணம் நடந்தது. டீச்சரின் கணவருக்கு அந்தப் பாட்டு என்றால் உயிராம்.

"யாரு பாடுனதுன்னு அடிக்கடி கேப்பாரு. தெரியலைங்கன்னு சொல்லிருவேன். அவரு போற வரைக்கும் சொல்லல சார்."

எனக்கு அழுகை வந்துவிட்டது. சினிமா ஒருத்தியை மறந்தால், போகட்டும், அதன் தொழில் அது. சொந்த வீடு? மாப்பிள்ளை வீட்டுக்குப் பயந்து நாமெல்லாம் எத்தனை பேரை இப்படி வாயடைத்து வைத்திருக்கிறோமோ!

"அம்மா பேரு மட்டும் எங்கயாச்சும் லேசா கேக்குமான்னுதான் சார் ஒங்களக் கூப்புட்டேன். இன்னொருக்கா வைங்க..."

வைத்தேன். பாட்டு முடிந்தது. அந்தக் கீறிய கடைசி அரை அங்குலத்தில் ஊசி இழுபடத் தொடங்கியதும், டீச்சர் பெட்டிப் பக்கம் குனிந்தார். வகுப்பில் அட்டெண்டன்ஸ் எடுக்கிற அதே தெளிவான குரலில், "செண்பகவல்லி" என்றார்.

பதில் சொல்லத்தான் ஆளில்லை.